அக்கா வீட்டு மேல்படி

வீட்டை உடைக்காமல், தூசி கிளப்பாமல், குடியிருப்பவர்களை வெளியே அனுப்பாமல் பழைய வீட்டைப் புதுசாக்கித் தருவார் என்பதால் அவருக்கு அலுங்காம மேஸ்திரி என்று பெயர். அது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் என்று தொழில் போட்டிக்காரர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. புது வாடிக்கையாளர் கதவைத் திறந்ததுமே, "வீடு அலுங்காம முடிச்சுத் தர்றேன், நீங்க சமையலைக்கூட நிறுத்த வேண்டாம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். பாதிப்பேர் அந்த ஒரு வாக்கியத்திலேயே விழுந்துவிடுவார்கள்.

அவருடைய முறை எளிது. பழைய தரை நிறம் மங்கியிருக்கிறதா, கறை பிடித்திருக்கிறதா, இருக்கட்டும். அதன் மேலேயே கலவையைப் பரப்பிப் புது டைல்ஸைப் பதித்துவிடுவார். மற்ற மேஸ்திரிகள் சுத்தியும் உளியுமாக வந்து வீட்டை ரணகளமாக்கி, மூட்டை மூட்டையாக இடிபாட்டை அள்ளிக்கொண்டு போவார்கள். இவர் வேலை செய்கிற வீட்டில் பக்கத்து அறையில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். தரை உயர்ந்ததால் கதவு உரசினால், கதவைக் கழற்றி அடிப்பக்கத்தை இழைத்துத் திரும்ப மாட்டிவிடுவார். உரசுகிற கதவு சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். அதனால் கதவுகளை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

கட்டட விதிகள் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நகராட்சி அலுவலகத்தில் வீடு புதுப்பிக்கிற ஒப்பந்தக்காரர்களுக்கென்று ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். வராதவர்களுக்கு உரிமம் கிடையாது என்று மிரட்டியதால் போனார். கடைசி வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்தார். ஒரு பெண் இன்ஜினியர் கழிவுநீர்க் குழாயின் சரிவைப் பற்றி உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையின்போது வருகைக் கையெழுத்தை வாங்கிவிட்டார்கள். கையெழுத்து போட்ட பிறகும் அங்கே உட்கார்ந்திருக்க இவருக்கென்ன பைத்தியமா. கோப்பையைக் கீழே வைத்த கையோடு நழுவிவிட்டார்.

யாராவது விதிமுறை பற்றி வாயைத் திறந்தால், அவரிடம் பதில் தயாராக இருந்தது. "சட்டமெல்லாம் கட்டுறவங்களுக்கு. நான் கட்டுறதும் இல்ல, இடிக்கிறதும் இல்ல. இருக்கிறது மேல ஒரு போர்வை போர்த்துறேன். போர்வைக்கு யாருங்க அனுமதி கேட்பாங்க?" கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். நன்றாகப் பேசுகிற மனிதனை நம்புவதில் நமக்கெல்லாம் ஒரு அலாதி சந்தோஷம் இருக்கிறது.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. அம்மா கால் விளங்காமல் படுக்கையில் விழுந்தபோது இவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. நரம்புத் தளர்ச்சி என்றார்கள். முதலில் நடக்கும்போது தடுக்கியது, அப்புறம் சுவரைப் பிடித்து நடந்தாள், அப்புறம் எழவே இல்லை. சமைத்துப் போட்டு, துணி துவைத்து, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியதெல்லாம் அக்காதான். கல்யாணமாகி பஸ் டிரைவர் ஒருவரோடு தனிக்குடித்தனம் போன பிறகும், தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவள்தான் முதலில் வந்து நிற்பாள்.

அக்கா தையல் தைத்தாள். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். ரொம்ப காலம் வரை அவள் தையல் கூடம் என்பது முன்னறையின் ஒரு மூலைதான். விருந்தாளி யாராவது வந்துவிட்டால் வெட்டிப் போட்ட துணியெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். எந்தத் துண்டு எந்தச் சட்டைக்கு என்று மறுபடியும் பொறுக்கிப் பிரிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மாடியில் ஒரு அறை இருந்தது. உடைந்த நாற்காலிகளும் பழைய பெட்டிகளும் அடைந்துகிடந்த அந்த அறையை ஒருநாள் தம்பி பார்த்தார், பார்த்ததும் முடிவு செய்துவிட்டார்.

அந்த அறைதான் மேஸ்திரி தன் வாழ்க்கையில் செய்த ஆகச் சிறந்த வேலை என்று அவருடைய கூலியாட்களே சொல்வார்கள். ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டார். சுவருக்கு வெண்ணெய் நிறம் அடித்தார். தையல் மெஷின் கனமானது, நாள் முழுக்க அதிரும் என்பதால், வழக்கமாகப் போடுகிற டைல்ஸ் போதாது என்று தோன்றியது. வண்டி நிறுத்துகிற இடங்களில் போடுகிற தடித்த வகையை வாங்கி, கலவையையும் தாராளமாகப் பரப்பிப் பதித்தார். யாரோ ஒருத்தர் வீடா இது, அக்கா வீடு. படிக்கட்டு வந்து முடிகிற இடத்தில் தரையின் விளிம்புக்கு வழுவழுப்பான ஓரப்பட்டை ஒன்றும் வைத்தார். படிகளை மட்டும் தொடவில்லை. அவை பழைய சிமெண்டுப் படிகள், திடமாகத்தான் இருந்தன.

வேலை முடிந்த அன்று அக்கா வெறுங்காலோடு அந்தத் தரையில் நடந்து பார்த்தாள். ஜன்னலோரம் போய் நின்றாள். "எனக்குன்னு ஒரு கதவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லடா" என்றாள். கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடியும் சாத்தினாள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கரணையைக் கழுவப் போய்விட்டார்.

கொஞ்ச நாளிலேயே அக்காவுக்குக் கால் தடுக்க ஆரம்பித்தது.

முதலில் அது வீட்டில் சிரிப்பாகத்தான் இருந்தது. கீழே துணியை அயர்ன் பண்ணி, அடுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறுவாள், மேலே போனதும் "அம்மா" என்று ஒரு குரல் கேட்கும். துணி அடுக்கு தரையில் கிடக்கும். இறங்கும்போதோ முதல் படியிலேயே உடம்பு தூக்கிப்போடும், சுவரைப் பிடித்துக்கொள்வாள். டிரைவர் மாமாவுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் அதிகம். "தினமும் பஸ் நிறைய ஆளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போய்ட்டு வர்றேன். வீட்டுல ஒருத்தியை மாடிக்கு ஏத்த முடியல" என்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

செருப்பைக் குற்றம் சொன்னார்கள், செருப்பை மாற்றினாள். பார்வையைக் குற்றம் சொன்னார்கள், மேஸ்திரியே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி மாற்றி வாங்கித் தந்தார். "உனக்கு எப்பவும் அவசரம், அதான்" என்று மாமா சொன்னார். அவசரப்படாமல் ஏறிப் பார்த்தாள். தடுக்கிவிடப் போகிறோம் என்று நினைத்து ஏறும்போது தடுக்கவில்லை. வேறு யோசனையில் ஏறும்போதெல்லாம் தடுக்கியது. மனுஷி எந்நேரமும் தன் காலையே நினைத்துக்கொண்டிருக்க முடியுமா.

மாமாவுக்கும் ஒன்றிரண்டு முறை அங்கே தடுக்கியிருக்கிறது. அதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளைக்குத் தடுக்கினால் அது தூக்கக் கலக்கம், பெண்பிள்ளைக்குத் தடுக்கினால் அது கவனக்குறைவு. எல்லா வீட்டிலும் இந்தச் சட்டம் மட்டும் யாரும் வகுப்பு வைக்காமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஒருநாள் மாமா டூட்டிக்குப் போயிருந்தபோது அக்கா தம்பியை மாடிக்கு அழைத்து உட்கார வைத்தாள்.

"அம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"இப்படித்தான்டா. முதல்ல தடுக்கும்."

நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் முழங்காலில் தட்டினார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார், கோட்டில் நடக்கச் சொன்னார். படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று அனுப்பினார். சமதரையில் அக்கா குதிரை மாதிரி நடப்பாள். அது டாக்டருக்கும் தெரிந்தது, தம்பிக்கும் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் யாரும் படி ஏறச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த ஆஸ்பத்திரிப் படிகளில் தடுக்கியிருக்காது. "ஆரம்பத்துல படத்துல தெரியாதாம்" என்று அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு ஒரு காலையில், தைத்து முடித்த திரைச்சீலைகளை வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்காகத் தூக்கிக்கொண்டு இறங்கியவள், முதல் படியில் கால் வைத்தாள். கால் எதிர்பார்த்த இடத்தில் படி இல்லை. படிக்கட்டு திரும்புகிற இடம் வரைக்கும் உருண்டாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. "எலும்பு சேர்ந்துடும். நடக்கலாம், மாடியும் ஏறலாம்" என்றார் டாக்டர். "ஆனா பயப்படக் கூடாது. பயந்து உட்கார்ந்துட்டாங்கன்னா அப்படியே உட்கார்ந்துடுவாங்க." மாமா நகைச்சுவையெல்லாம் மறந்துபோய் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "நான் மறுபடி மேலே போவேனாடா?"

"போவே. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மேஸ்திரி. அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதைத் தவிர அப்போது அவருக்கு உலகத்தில் வேறு வேலை இருக்கவில்லை.

அக்கா வீடு திரும்புவதற்குள் படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டுவிட வேண்டும் என்று வெல்டிங்காரரைக் கூட்டி வந்தார். வெல்டிங்காரர் அதிகம் பேசாத ஆள். நீளமான குழாய் ஒன்றைத் திருப்பத்துக்கு மேலே உள்ள படிகளின் விளிம்புகள் மேல் சாய்த்து வைத்து சாய்வு பார்த்தார். குழாய் எல்லா விளிம்பையும் தொட்டுக்கொண்டு படிந்திருக்க வேண்டும். படியவில்லை. மேலே மாடித் தரையின் விளிம்பில் முட்டிக்கொண்டு, நடுப்படிகளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

"பரவாயில்ல. எப்பவும் போல மேல்பக்கம் கொஞ்சம் வளைச்சு ஒட்டிடறேன்" என்றார் வெல்டிங்காரர்.

"எப்பவும் போலன்னா?"

"உங்க வேலை நடந்த வீடுன்னா இப்படித்தானே வருது. தரையை ஏத்திடுறீங்க, படியை விட்டுடுறீங்க. கடைசிப் படி மட்டும் உசந்துடுது. நான் கைப்பிடியை வளைச்சு சரிக்கட்டிடுவேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

வெல்டிங்காரர் விழித்தார். "தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நினைச்சேன்."

மேஸ்திரி டேப்பை எடுத்தார். கீழிருந்து ஒவ்வொரு படியாக அளந்துகொண்டு போனார். பழைய காலத்து மேஸ்திரி யாரோ ஒழுங்காகக் கட்டியிருந்தான், எல்லாம் ஒரே உயரம். மேல்படி மட்டும் இரண்டு விரல் தடிமன் அதிகம். தடித்த டைல்ஸ், தாராளமான கலவை. அக்கா வீடாயிற்றே என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. வேறு யார் வீடாவது என்றால் ஒரு விரலோடு போயிருக்கும்.

டேப்பைப் பையில் போட்டார். மூலையில் கிடந்த துணி மூட்டையை எடுத்து, அக்கா சுமப்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு கீழேயிருந்து ஏறினார். மேல்படியில் கட்டைவிரல் இடித்தது. இத்தனைக்கும் அவருக்கு அளவு தெரியும். மூட்டையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். வெல்டிங்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் குழாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். செருப்புக் கடையும் கண்ணாடிக் கடையும் நரம்பு டாக்டரும் மேஸ்திரியின் நினைவில் வரிசையாக வந்து போனார்கள். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஒருவேளை தான் அளந்ததில் தப்பு இருக்குமோ, இப்படியும் அப்படியும் இருக்கலாம் என்று விதியில் எங்காவது சொல்லியிருக்காதோ என்ற நப்பாசையில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். வகுப்பெடுத்த அதே இன்ஜினியரம்மா இருந்தார். இவர் சொன்ன அளவைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலுக்குக் கண் கிடையாது மேஸ்திரி. ரெண்டு படி ஏறினதும் அதுக்கு ஒரு கணக்கு வந்துடும். மிச்சப் படியெல்லாம் அந்தக் கணக்குலதான் ஏறும். நடுவுல ஒரு படி கணக்குல தப்பினா ஆள் விழுந்துடுவாங்க. அதனாலதான் ஒரே படிக்கட்டுல எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்கணும்னு விதி. ரொம்ப பழைய விதி அது. நிறைய பேர் விழுந்ததுக்கு அப்புறம் எழுதினது."

"நான் புதுசா எதுவும் கட்டலையேம்மா. அனுமதி தேவைப்படாத வேலைதானே."

"அனுமதி தேவையில்லைன்னுதான் இருக்கு. விதி தேவையில்லைன்னு எங்க இருக்கு?" என்றார் இன்ஜினியரம்மா. பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "வகுப்புல சொன்னோமே. நீங்க வந்திருந்தீங்கதானே?" என்று கேட்டார்.

"தேநீருக்கு அப்புறமா சொன்னீங்களா?"

"ஆமா."

மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டார்.

அக்காவிடம் சொல்லத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. திட்டுவாள், அழுவாள், முகத்தில் முழிக்காதே என்பாள். இதையெல்லாம் எதிர்பார்த்துத் தயாராகத்தான் போனார். அக்கா கீழறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இவர் சொல்லச் சொல்ல அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்காக உன் வேலையை நீயே குறை சொல்லிக்கிறியா?"

"அக்கா, நிஜமாத்தான் சொல்றேன். உன் கால்ல ஒண்ணும் இல்ல. படி உசரமா இருந்துச்சு. இரு, டேப் வெச்சுக் காட்டறேன்."

"டேப்பை நீ எப்படி வேணும்னாலும் பிடிப்பே. மேஸ்திரி ஆச்சே." நூலைக் கடித்து அறுத்தாள். "உங்க மாமா ஏறலையா? நீ ஏறலையா? எத்தனை பேர் வந்து துணி குடுத்துட்டுப் போறாங்க. அந்தப் படி என்னை மட்டும்தான் தேடிப் பிடிச்சு விழ வைக்குதா?"

"நீதானேக்கா ஒரு நாளைக்கு அத்தனை தடவை ஏறி இறங்குறே. அதுவும் கையில துணியோட."

"நீ பழியை ஏத்துக்கிட்டா என் கால் வந்துடுமாடா? விடு."

குற்றவாளி தானே வந்து கையை நீட்டுகிறான், விலங்கு மாட்ட யாரும் தயாராக இல்லை. அவளுக்கு அந்த அறை தம்பி தந்த அறை. அதில் குறை இருக்கிறது என்று நம்புவதைவிட, தன் உடம்பில் குறை இருக்கிறது என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. மாமா மட்டும் டேப்பை வாங்கித் தானே அளந்து பார்த்தார். அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் அந்தப் பஸ் ஜோக்கைச் சொல்வதில்லை.

அடுத்து மேஸ்திரிக்கு மற்ற வீடுகளின் ஞாபகம் வந்தது. மாடி வைத்த வீடுகள் எவையெவை என்று யோசித்து யோசித்து ஒவ்வொன்றாகப் போனார். முதலில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் வீடு. அவர் மனைவிக்கு அடிக்கடி மாடியில் கால் தடுக்குகிறது என்று அவரே முன்பு பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

"உடைக்கணுமா?" என்றார் தலைமையாசிரியர். "உடைக்காம செய்றதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்."

"தப்புப் பண்ணிட்டேன் சார். விதிமுறைப்படி எல்லாப் படியும்..."

"விதிமுறையெல்லாம் கட்டுறவங்களுக்குத்தான்னு இதே சோபாவுல உட்கார்ந்து நீங்கதானே சொன்னீங்க? போர்வைன்னீங்க. நான் அதை எத்தனை பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன் தெரியுமா?" இப்போதும் சிரித்தார். "அவளுக்கு வயசாகுதுங்க. அதுக்கு வீட்டை இடிப்பாங்களா?"

உள்ளே இருந்து அந்த அம்மாவும், "ஆமாங்க, நான்தான் பாத்து நடக்கிறதில்ல" என்று குரல் கொடுத்தாள்.

இன்னொரு வீட்டில் காசு வாங்காமலேயே செய்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அது வினையாகப் போயிற்று. சும்மா செய்கிறேன் என்று வருகிற மேஸ்திரியை உலகத்தில் யார் நம்புவார்கள். டைல்ஸுக்கு அடியில் எதையோ மறைத்து வைத்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் கதவையே திறக்கவில்லை. அலுங்காம மேஸ்திரிக்கு மண்டை குழம்பிவிட்டது, வீடு வீடாகப் போய் இடிக்கட்டுமா என்று கேட்கிறார் என்று செய்தி அவருக்கு முன்பாகவே தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தேன் தடவிப் பேசிய வாய், இப்போது உண்மையைப் பேசுகிறது. ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் அவர் கைக்கு எட்டியது ஒரே ஒரு படிதான். அதையாவது செய்வோம் என்று அக்கா வீட்டுக்குச் சுத்தியும் உளியுமாக வந்தார். ஆட்கள் யாரையும் கூட்டி வரவில்லை. தானே மண்டி போட்டு உட்கார்ந்து, தான் ஆசை ஆசையாகப் பதித்த தரையைத் தானே உடைத்தார். நன்றாகத்தான் பதித்திருந்தார், லேசில் பெயரவில்லை. தூசி வெண்ணெய் நிறச் சுவரெல்லாம் படிந்தது, மெஷினுக்குப் போர்த்திய துணி மேல் படிந்தது, அவர் தலைமுடி நரைத்ததுபோல் ஆனது. அலுங்காம மேஸ்திரி இருக்கிற வீடு இப்படி அலுங்குகிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே கட்டிலில் அக்கா ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்தாள். "நல்லா இருக்கிற தரையைப் போட்டு உடைக்கிறானே. நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று மாமாவிடம் புலம்பினாள்.

புது டைல்ஸை எடுத்து, அதன் அடியில் இருந்த பழைய தரையையும் ஒரு அடுக்கு கொத்தி எடுத்து, மெல்லிய டைல்ஸைப் பழைய மட்டத்துக்கே பதித்தார். ஒவ்வொரு வரிசையும் சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். படிகளை அளந்தார், திரும்பத் திரும்ப அளந்தார். வெல்டிங்காரர் குழாயைச் சாய்த்து வைத்தபோது அது திருப்பத்திலிருந்து மாடித் தரை வரை எல்லா விளிம்பையும் தொட்டுக்கொண்டு படிந்தது. கைப்பிடியை எங்கேயும் வளைக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா கைத்தடி பிடித்து முன்னறையில் நடக்கத் தொடங்கி, அப்புறம் தடி இல்லாமலும் நடந்தாள். டாக்டர் மாடி ஏறலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்து, "வாக்கா, உன் ரூமைப் பாக்கலாம்" என்று கையை நீட்டினார். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. முகத்தில் தெரிந்தது. தலையை வாரிக்கொண்டு வந்தாள்.

மாமா முன்னால், அக்காவைப் பார்த்தபடி பின்பக்கமாக ஏறினார். மேஸ்திரி பின்னால் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு ஏறினார். அக்கா நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வைத்தாள். திருப்பம் வரைக்கும் வந்து மூச்சு வாங்கினாள். "ஒண்ணும் தெரியலடா, வலியே இல்ல" என்றாள். அடுத்த படி, அதற்கடுத்த படி. மேலே ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

மேல்படி வந்தது. இரண்டு வருஷமாகத் தன்னைத் தடுக்கி விழ வைத்த இடம் அது என்று அவள் மனசுக்குத் தெரியும், அதைவிட அவள் காலுக்குத் தெரியும். அந்தக் கால் மற்றப் படிகளுக்குத் தூக்கியதைவிட இரண்டு விரல் தடிமன் கூடுதலாகவே தூக்கியது. தூக்கி, அங்கே இல்லாத உயரத்தின் மேல் வைத்தது. தரை கீழே இருந்தது. உடம்பு முழுக்க அதிர, முழங்கால் மடங்கி, அவள் முன்னால் சரிந்தாள்.

மாமா தோளைப் பிடித்துவிட்டார். மேஸ்திரி பின்னாலிருந்து தாங்கிவிட்டார். அடி எதுவும் படவில்லை. மெதுவாக மாடித் தரையில் உட்கார வைத்தார்கள்.

"இப்ப எல்லாப் படியும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா."

"அளந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ இப்ப தடுக்கினது எது?"

மேஸ்திரிக்குப் பதில் தெரியும். இத்தனை நாளாக அந்தக் கால் என்னுடைய தப்பைப் பாடம் பண்ணிவிட்டது அக்கா, அதை மறக்க அதற்குக் கொஞ்சம் நாளாகும் என்று சொன்னார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் கன்னத்தைத் தொட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது தொடுவதுபோலத்தான் தொட்டாள்.

"நீ எனக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவேடா" என்றாள். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. எனக்குத் தெரியும். மெஷினைக் கீழே இறக்கிடு."

மாமா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மேஸ்திரி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். இன்னும் ஒரே ஒரு தடவை, நாளைக்கு வேண்டாம், அடுத்த வாரம் என்று கெஞ்சினார். அக்கா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், கதவைச் சாத்தச் சொன்னாள். இருவரும் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கினாள். அதற்குப் பிறகு அவள் மாடிப்பக்கம் போகவே இல்லை.

மறுநாள் மெஷினைக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. மேஸ்திரி முன்பக்கமும் மாமா பின்பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். கனமான மெஷின், முகத்தை மறைத்தது, காலடியில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. மேல்படியிலிருந்து முன்னறை மூலை வரைக்கும் ஒரு இடத்தில்கூட யாருக்கும் கால் தடுக்கவில்லை.